ஓரகத்திக்குப் போட்ட ஊசி

சின்னவள் மறுபடியும் அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ யாரிடமோ சாக்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அழைப்பு மணியைத் தவிர எல்லாச் சத்தமும் எல்லார் காதிலும் விழும். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு வருகிறாள். தினமும் இப்படித்தான் வாசலில் நிற்கிறாள்.

கடைசியில் பெரியவளே வந்து திறந்தாள். கையில் காபி.

"காபியா அக்கா?"

"ஆமா, காபிதான். நல்லாருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்ட, நேரா காபியான்னுதான் கேப்ப."

"ஒரு கப்புக்கு மேல வேணாம்னு ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாங்களே."

"இதுதான் அந்த ஒரு கப்பு. உள்ள வா."

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. குடும்பத்தில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவ, சின்னவ, அவ்வளவுதான். இருவருக்கும் ஒத்துப்போனதும் இல்லை, சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடந்ததும் இல்லை. பெரியவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை விடு, கியரை மாத்து என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரல் தங்கிவிட்டது. சின்னவளுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செய்வாள். மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கும்போது இடறும். அந்த வேலையைச் செய்து செய்து, உலகத்தில் எதுவுமே சரியாகப் பொருந்தி உட்காரவில்லை என்ற எண்ணம் அவளுக்குள் ஊறிப்போயிருந்தது.

அவளுக்கே ஒன்று பொருந்தாமல் போயிற்று. கட்டி, ஓயாத ரத்தப்போக்கு, கடைசியில் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் மட்டும் மிஞ்சின. அவை இருந்தால் போதும் என்றாள் டாக்டரம்மா. உங்க சினைமுட்டை, உங்க வீட்டுக்காரரோட விந்து, ரெண்டையும் லேபில சேத்து கருவாக்கிடலாம். சுமக்கிறதுக்குத்தான் ஒரு ஆள் வேணும். ஏற்கனவே நல்லபடியாகப் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும், மனமறிந்து சம்மதிக்க வேண்டும், சட்டப்படி எழுதி வாங்க வேண்டும். குழந்தையின் ரத்த உறவு முழுக்க உங்களோடுதான், சுமப்பவளோடு இல்லை என்று படம் வரைந்து காட்டினாள்.

இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் சின்னவளுக்கு நாக்கு தள்ளிவிட்டது. அப்ப பிள்ளை பெரியவ ஜாடையா இருக்குமா என்று ஒருத்தர். அண்ணன்காரன் ஒத்துக்கிட்டானா என்று குரலைத் தாழ்த்தி இன்னொருத்தர். ஒரு சித்தப்பா, இவ்வளவு கஷ்டத்துக்கு நீயே சுமந்திருக்கலாமே என்று கேட்டேவிட்டார். அவள் கணவனோ குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக். எதற்கும் பாத்துக்கலாம் என்பான். வேலை இடத்தில் அவன் பட்டப்பெயரே பாத்துக்கலாம்தான். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் அவன் கேட்ட ஒரே கேள்வி, கருவை வைத்திருக்கும் ஃப்ரீசருக்குக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பது. அது கரண்டில் ஓடுவதில்லை சார், திரவ நைட்ரஜனில் கிடக்கிறது என்று சிஸ்டர் சொன்னதும், கம்ப்ரசரே இல்லையா என்று அவன் முகம் வாடிப்போயிற்று.

சுமக்கிறேன் என்று பெரியவள் தானாகத்தான் சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு ரெண்டு பெத்தாச்சு. ரூம் காலியாத்தானே கிடக்கு. வந்து இருந்துட்டுப் போகட்டும்." கவுன்சிலர் அவளைத் தனியாக உட்காரவைத்து, பிறந்தவுடனே கொடுத்துவிட மனம் வருமா என்று கேட்டபோது, "மேடம், எனக்கு இருக்கிற ரெண்டையே யாராவது கேட்டா குடுத்துடுவேன்" என்றாளாம்.

தேறிய கருக்கள் இரண்டே. முதலாவதைப் பெரியவளின் கருப்பையில் வைத்தார்கள், நிற்கவில்லை. இப்போது மிச்சம் ஒன்று. அதற்குப் பின் சின்னவளிடமிருந்து எடுக்கச் சினைமுட்டை எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

அந்த ஒன்றை வைக்கத்தான் இந்த ஊசி. முதலில் மாத்திரையால் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்க வைத்தார்கள். படலம் போதும் என்று ஸ்கேனில் தெரிந்ததும் ஊசி. ஊசி ஆரம்பித்த நாளிலிருந்து கருப்பையின் கணக்கு ஓடும். உறைய வைக்கும்போது கருவுக்கு என்ன வயதோ அந்த வயதுக்குக் கருப்பையும் வந்து நிற்க வேண்டும், அன்றுதான் உள்ளே வைப்பார்கள். நடுவில் ஊசியை விட்டால் கணக்கு கெட்டுப்போகும். எண்ணெயில் கரைத்த மருந்து, தடித்த ஊசி, இடுப்புச் சதையில் மேல்பக்கமாகக் குத்த வேண்டும். பெரியவளின் கணவன் மர அறுவை மில்லில் வேலை செய்பவர், ரம்பத்துக்குப் பயப்படாத மனிதர், செய்முறை வீடியோவைப் பார்த்தே சோபாவில் சாய்ந்துவிட்டார். நர்ஸை வரச்சொல்லலாம் என்றதற்குப் பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாதவங்களுக்கு தினம் இடுப்பக் காட்ட முடியாது. சின்னவளுக்குத்தான் கை நடுங்காதே, அவளே போடட்டும்."

இன்று சின்னவள் மேஜையில் மருந்துப் பையை வைத்தாள். குப்பியை எடுத்து உள்ளங்கையில் சூடாக்குவதற்கு முன்பே கேட்டாள்.

"இன்னிக்கு வேலைக்கா போறீங்க?"

"இல்ல, சினிமாவுக்கு."

"அக்கா, நான் விளையாட்டுக்குக் கேக்கல."

"புதுசா ஒருத்தர் சேந்திருக்கார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். பொண்டாட்டி திட்டறாங்கன்னு கார் கத்துக்க வந்திருக்கார்."

"புது ஆளா? அவர் பிரேக்கப் போட்டுப் போட்டு குலுக்குவாரே."

"குலுக்குவார்தான். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?"

"இப்பப் பரவால்ல. வச்சப்புறமாவது லீவு போடுங்க."

"வச்சப்புறமும் வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொல்றப்ப நீயும் பக்கத்துலதான இருந்த?"

"டாக்டர் எல்லாருக்கும் பொதுவா சொல்லுவாங்க. நமக்கு இருக்கறது ஒண்ணுதானே. ராத்திரியும் நேரத்தோட தூங்கற மாதிரி தெரியல. கண்ணு உள்ள போயிருக்கு."

பெரியவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள், அதுதான் சின்னவளை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

"காலி ரூம் இருக்கு, வந்து இருக்கட்டும்னு சொன்னேன். அதுக்காக தினம் விடிஞ்சதும் வந்து சுவத்தத் தட்டிப் பாக்கற, குழாயத் திறந்து பாக்கற, ஜன்னல் சரியா சாத்துதான்னு பாக்கற. வாடகைக்கு வரவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

"நான் அப்படியா பண்றேன்?"

"வேற எப்படி?"

"என் இடத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும் அக்கா."

"உன் இடத்துல இருக்கறதுக்குத்தான் நான் தினம் குத்து வாங்கறேன்."

பெரியவளின் கணவன் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். மேஜைமேல் மருந்துப் பையைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கினார். சின்னவள் அந்தப் பையை எடுத்தாள், கைப்பைக்குள் திணித்தாள், செருப்பை மாட்டினாள். எதற்கு எடுத்தோம், எங்கே போகிறோம் என்ற யோசனை எதுவும் இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போது தோன்றியது.

லேபில் அன்று அவளுக்கு ஒரு கீழ்த்தாடைப் பாலம், விழுந்த பற்களின் இடைவெளியை மூடும் பல்வரிசை, முடிக்க வேண்டியிருந்தது. மெழுகைச் சுரண்டினாள், ஊதினாள், மறுபடி சுரண்டினாள். மனம் மட்டும் அந்தச் சமையலறை மேஜையை விட்டு நகரவில்லை. சொல்லாமல் விட்ட பதில்களை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். நன்றி இல்லாதவள் என்று நினைத்துக்கொள்ளட்டும். நன்றி சொல்லிச் சொல்லித்தான் முதுகு வளைந்துவிட்டதே. பெற்றுக்கொள்பவள் மட்டும்தான் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், கொடுப்பவள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படி ஒரு மணி நேரம் வாதாடி முழுதாக ஜெயித்துவிட்டு, கண்ணாடியை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள். மருந்துப் பை தட்டுப்பட்டது.

அதற்குள் குப்பி இருந்தது. அன்றைய மருந்து குறையாமல் அப்படியே இருந்தது.

பெரியவளுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை, வகுப்பு நடக்கும்போது எடுக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"போடலையா? ஏன் மேடம் போடல?"

காபியினால் என்று எப்படிச் சொல்வது. "மறந்துட்டோம் சிஸ்டர்."

"ரெண்டு பேருமேவா?"

சிஸ்டரின் பெருமூச்சு போனில் நன்றாகவே கேட்டது.

"இன்னிக்குள்ள எவ்வளவு சீக்கிரம் முடியுமோ போட்டுடுங்க. சில மணி நேரம் தள்ளிப்போனா ஒண்ணும் இல்ல. ஒரு நாள் முழுக்க விட்டீங்கன்னா டாக்டர் இந்த மாசம் வேணாம்னு சொல்லிடுவாங்க. பயத்துல ரெண்டு டோஸ் போட்டுடாதீங்க, அதையும் பண்றவங்க இருக்காங்க."

பாதிப் பாலத்தை அப்படியே மேஜையில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே கார் ஊர்ந்துகொண்டிருந்தது. சின்னவள் கையை ஆட்டினாள். கார் அவளைத் தாண்டிப் போயிற்று. வாத்தியாருக்கு ஓட்ட வந்துவிட்டது, நிறுத்தத்தான் வரவில்லை. இன்னொரு சுற்று சுற்றி வந்து, ஒரு கூம்பின்மேல் ஏறி, எஞ்சின் செத்து நின்றது.

பெரியவள் கண்ணாடியை இறக்கினாள். "ஏறு பின்னாடி."

"அக்கா, ஊசி..."

"சார் வகுப்பு முடியட்டும். ஏறு."

ஏறினாள். வாத்தியார் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "மேடம், இவங்களும் கத்துக்க வந்திருக்காங்களா?"

"இல்ல சார். எனக்குக் கத்துக்குடுக்கறவங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

கார் துள்ளிக் கிளம்பியது. சின்னவள் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் சுவரை நோக்கிப் போனார். பெரியவளின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் அதன் மேல் இல்லை. தள்ளி, தரையில் சும்மா கிடந்தது. "மெதுவா சார், நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். வாத்தியார் மெதுவாக்கினார். சுவர் அதற்கு மேல் நெருங்கி வரவில்லை.

இன்னும் சில சுற்றுகள். பிறகு பெரியவள் வாத்தியாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அறைக்கு நடந்தாள். உடைந்த கூம்புகள், சாலைக் குறியீட்டுப் பலகைகள், கண் பரிசோதனை எழுத்து அட்டை, ஒரு மேஜை. கதவைத் தாழிட்டாள்.

"நீங்களும் மறந்துட்டீங்களா அக்கா?" என்றாள் சின்னவள். சமாதானமாகத்தான் கேட்டாள்.

"நீ தெருமுனை திரும்பறதுக்குள்ள ஞாபகம் வந்துடுச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணல. பண்ணாம விட்டா இந்த மாசம் வைக்கறது தள்ளிப்போகும்னு தெரியும். தள்ளிப்போனா நல்லதுன்னு இருந்துச்சு."

சின்னவள் குப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். வெளியே யாரோ ஹார்ன் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"போன தடவை நிக்கலன்னு ரிசல்ட் வந்தப்ப, நீ என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி என்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இல்லாததுபோல் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க போன ரோடு குண்டும் குழியுமா இருந்துச்சான்னு கேட்ட. நான் ராத்திரி முழுக்க அந்த ரோட்ட நினைச்சுப் பாத்தேன். எந்தப் பள்ளம், எந்த மேடுன்னு. என் பிள்ளைங்களுக்குக்கூட நான் அப்படி உக்காந்து யோசிச்சதில்ல." பெரியவள் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். டிரைவிங் ஸ்கூல் குரல் இல்லை அது. "இந்தத் தடவை நீ முன்கூட்டியே சேத்து வைக்கற. காபி, கார், தூக்கம். நாளைக்கு நிக்கலன்னா எடுத்துப் போடறதுக்குத் தயாரா எல்லாத்தையும் என் பேர்ல அடுக்கிட்டு இருக்க. நான் சுமக்கறேன்னு சொன்னது பிள்ளைய. இத இல்ல."

சின்னவள் குப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். லேபில் ஒரு பல் பொருந்தாவிட்டால் அவள் விட மாட்டாள். அச்சு கோணலா, மெழுகு சுருங்கியதா, டாக்டர் அவசரப்பட்டாரா என்று நோண்டி, யார் தவறு என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடப் போவாள். காரணம் இல்லாமல் ஒரு பல் இடறாது. போன முறை டாக்டரம்மா, சில சமயம் காரணமே இருக்காது, யாரும் எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்று சொன்னபோது, ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள். அந்தப் பதிலை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை.

வெளியே ஹார்ன் நின்றிருந்தது.

"காரணமே இல்லாம போயிடுச்சுன்னா எனக்குத் தாங்காது அக்கா," என்றாள் கடைசியில். "யாரோ பண்ணின தப்புன்னா, அடுத்த தடவை அதப் பண்ணாம இருக்கலாம்ல."

"அடுத்த தடவையே இல்லையேடி."

அதைப் பெரியவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராக உள்ளே போயிற்று. சின்னவள் உடைந்த கூம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இந்த முறை அவள்மேலேயே.

"ஆமா. அடுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "உங்களுக்கு வேணாம்னா இப்பச் சொல்லிடுங்க. போடல. வீட்டுல எல்லார்கிட்டயும் நான்தான் வேணாம்னேன்னு சொல்லிக்கறேன்."

ஒப்பந்தத்திலும் அதுதான் இருந்தது, வைப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று. வக்கீல் அதை உரக்கப் படித்தபோது அவள் காதில் வாங்கவில்லை. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த வரி இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

பெரியவள் எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வரிசைப் பொடி எழுத்துகளைப் படிப்பவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை எந்த லேபிலும் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

"நிக்கலன்னா என்ன கேப்ப?" என்றாள் பெரியவள், அட்டையைப் பார்த்தபடியே.

"தெரியல. எதுவும் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. வாய்க்குள்ளயே வச்சுக்கப் பாக்கறேன்."

"இதுவாவது நம்பற மாதிரி இருக்கு." பெரியவள் திரும்பி மேஜைமேல் குனிந்தாள், உடையைத் தளர்த்தினாள். "கைல வச்சே மருந்த கொதிக்க விட்டுடாத. போடு."

இடுப்பில் இதுவரை போட்ட ஊசிகளின் இடமெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. பச்சையும் மஞ்சளுமாக. தினமும் பார்த்த இடம்தான். தினமும் அவள் பார்த்தது ஊசி இறங்க வேண்டிய புள்ளியை மட்டும்தான். கன்றாத ஒரு இடத்தைத் தேடிப்பிடித்து ஊசியை இறக்கினாள். எண்ணெய் மருந்து மெல்ல மெல்லத்தான் போகும். அவசரப்படவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்காம? நீ பேசாம போட்டா வலிக்காதுன்னு நினைச்சியா?"

கருவை வைக்கும் நாளில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு இம்சை. ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிய சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டுமாம். தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொல்லியிருந்தார்கள். குடித்துவிட்டு வந்தார்கள். டாக்டரம்மா வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொண்டாள். பெரியவள் பச்சை அங்கியில், கட்டிலில், முட்டியை ஒட்டி வைத்துப் படுத்திருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்னு கேளு."

"இப்பத்தான் கேட்டேன் அக்கா. வந்துட்டே இருக்காங்களாம்."

"எங்கேருந்து வராங்க, வெளியூரா?" பெரியவள் பல்லைக் கடித்தாள். "என்னைச் சிரிக்க வைக்காத. தும்ம வைக்காத. யாரையும் கதவத் திறக்க விடாத, அந்தக் குழாய்ச் சத்தம் கேக்குது."

வெளியே கூடத்தில் அண்ணனும் தம்பியும். அண்ணன் ஊசி கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தம்பி, கருவை லேபிலிருந்து கொண்டுவரும்போது சூடு ஒரே அளவாக இருக்குமா என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டு, பாத்துக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டாக்டரம்மா ஒருவழியாக வந்தாள். உள்ளே ஒருத்தர் மட்டும் இருக்கலாம் என்றாள் சிஸ்டர். யார் என்று பெரியவளைத்தான் கேட்டார்கள். "இவதான். வேற யாரு," என்றாள் பெரியவள், கேள்வியே பிடிக்காதவள் மாதிரி.

லேபிலிருந்து மெல்லிய குழாயில் கருவைக் கொண்டுவந்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. "பாருங்க, அந்தக் குழாய் முனையில," என்றாள் டாக்டரம்மா. வெள்ளையாக ஒரு பொட்டு, மணல் போல, மின்னிவிட்டு நின்றது. சின்னவள் அதை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவள் கண் பெரியவளின் முகத்துக்குப் போயிற்று. நெற்றியெல்லாம் வியர்வை, உதடு உள்ளே மடிந்திருந்தது, முழு உடம்பையும் ஒரு இடத்தில் இறுக்கிப் பிடித்தபடி கூரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது," என்றாள் டாக்டரம்மா. "பாத்ரூம் போகணும்னா போகலாம்மா. எழுந்து நடந்தா ஒண்ணும் விழாது."

பெரியவள் உடனே காலைக் கீழே தொங்கவிட்டாள். சின்னவளின் தொண்டைக்குள் எல்லாம் ஒன்றாக மேலே வந்தன: இன்னும் கொஞ்சம் படுங்க அக்கா, ஒரு பத்து நிமிஷம், மெதுவா, இப்படிச் சட்டுனு எழுந்தா, இருக்கறது ஒண்ணுதானே. பெரியவள் எழாமல் விளிம்பிலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தாள். வரட்டும் என்று காத்திருக்கும் பார்வை.

சின்னவள் குனிந்து, கட்டிலுக்கு அடியில் போயிருந்த செருப்பை இழுத்து அவள் காலருகே வைத்தாள்.

"ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் பெரியவள்.

"சீக்கிரம் போயிட்டு வாங்க. காலைலேருந்து உங்களுக்குத் தண்ணி ஊத்தறப்பல்லாம் நானும் குடிச்சேன்."

பெரியவள் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தோளில் கையை ஊன்றி, முழு கனத்தையும் போட்டு எழுந்தாள்.

"வரிசையில நில்லு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.